கண்ணியம் கருதித் தவிர்க்கப்பட்ட சொல்

அரியலூர்,
ஞாயிறு மதியம்

ஆண்டிமடத்தில் முந்திரிக்காட்டோடும் நிம்மதியோடும் வாழும் மைத்துனர் தமிழழகன் அவர்களுக்கு, உங்கள் அக்காவைக் கட்டிய அய்யம்பெருமாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. போனில் சொன்னால் அடுப்படியில் இருக்கும் உங்கள் அக்கா மலர்கொடி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

மாப்ள, நான் மாலைப் பத்திரிகையில் நிருபராக இருந்தது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆசிரியருக்குக் கண்ணியம் என்ற சொல்மேல் அப்படியொரு பிரியம். விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர் மகன் குடித்துவிட்டு யார் மேலாவது வண்டியை ஏற்றினால் ‘கண்ணியமான குடும்பத்து வாலிபர்’. கூலிக்காரர் மகன் என்றால் ஊர், தெரு, அப்பா பெயர், கூடவே போட்டோ. கூட்டத்தில் ஒருவர் ‘போய்யா’ என்றாலும் ‘அவர் சொன்ன சொல் கண்ணியம் கருதித் தவிர்க்கப்படுகிறது’ என்று போடுவோம். வாசகர் தத்தம் தகுதிக்கேற்ப நிரப்பிக்கொள்வார், பேப்பரும் விற்கும்.

அந்தப் பழைய கைதான் போன வாரம் அரித்தது. வேப்பந்தட்டை தர்மராஜ் தன் மகனுக்காக நம் அபிநயாவுக்குப் பூ வைத்துவிட்டுப் போனதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் செய்தியாகவே எழுதினேன். (அதைப் பார்க்காத ஒரே புண்ணியவான் நீங்கள்தான்.) ரொம்பச் சப்பென்று இருந்ததால் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘விருந்தின்போது சம்பந்தி உதிர்த்த சொல் கண்ணியம் கருதித் தவிர்க்கப்படுகிறது.’

அவ்வளவுதான். ஜெயங்கொண்டத்திலிருந்து ஆண்டாயி அத்தை போன். “ஏன்டா, நம்ம வூட்டுல கைய நனைச்சுட்டு அப்புடியா பேசுனான்?” “எப்புடி அத்த?” “அத நான் என் வாயால எப்புடிடா சொல்றது?” செய்தி உடையார்பாளையம் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி கையே நீட்டிவிட்டாராம். கல்யாணத்துக்கு வர மாட்டோம், நடத்தவும் விட மாட்டோம் என்கிறார்கள் பங்காளிகள். பாவம், தர்மராஜே கூப்பிட்டார்: “சம்பந்தி, மன்னிப்பு கேட்டுக்கிறேங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லிடுங்க.” அபிநயா, “உங்க பத்திரிகை புத்திக்கு என் கல்யாணந்தான் கெடச்சுதாப்பா?” என்று கேட்டதோடு என்னிடம் பேசுவதில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். அவர் சொன்னது இதுதான்: “சாம்பார் கொஞ்சம் தண்ணியா இருக்குங்க.” இதை எப்படிச் சொல்வேன்? மலர்கொடி ஒருத்திதான் இன்றைக்கு அவர் பக்கம். “சம்பந்தின்னா நாலு வார்த்த பேசத்தான் செய்வாரு. என் சமையலக் கொற சொல்லாத வரைக்கும் எனக்குச் சரிதான்” என்கிறாள். உண்மை தெரிந்தால் கல்யாணத்தை அவளே நிறுத்திவிடுவாள்.

ஆகவே மாப்ள, நல்லதாக, நடுத்தரமாக ஒரு கெட்ட வார்த்தையை நீங்களே யோசித்து, அத்தையிடமும் பங்காளிகளிடமும் அதைத்தான் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். கோபம் வரவேண்டும், ஆனால் ஒரு வாரத்தில் ஆறிவிட வேண்டும். அந்த அளவுக்கு இருந்தால் போதும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் வீட்டுச் சாம்பாருக்கு என் மரியாதைகள்.

இப்படிக்கு,
கண்ணியமுள்ள மாமா,
அய்யம்பெருமாள்

பி.கு.: எழுதி முடித்ததை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது பழைய நிருபர் பழக்கம். அடுப்படியில் சத்தம் நின்றபோதே சுதாரித்திருக்க வேண்டும். கெட்ட வார்த்தை தேட வேண்டாம், மாப்ள. இதை வேப்பந்தட்டை பஸ்ஸில் எழுதுகிறேன். பக்கத்தில் உங்கள் அக்கா. “அவரு குடிச்சுப் பாத்துட்டு என்ன சொல்றாருன்னு ஒரு வார்த்த வுடாம வாட்ஸ்அப்புல போடுங்க” என்று உத்தரவு. தூக்குவாளி என் மடியில். பஸ் இந்தக் குலுக்குக் குலுக்குகிறது, சாம்பார் தளும்பவே இல்லை.