சூளை மேஸ்திரியின் ஏசி கார்

சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று முதல் பஞ்சநாதனின் காரில் எவரும் கண்ணாடியை இறக்கவோ, கதவைத் தேவைக்கு மேல் திறந்து வைக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் ஏசி கேஸ் வெளியே போய்விடும்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியின் சூளை மேஸ்திரியான பஞ்சநாதன் இப்படி அறிவித்தபோது கேட்டுக்கொண்டிருந்தவள் மனைவி பார்வதி ஒருத்திதான். மெக்கானிக்கிடம் காட்டலாமே என்றாள் அவள். ஆயிரத்து இருநூறு டிகிரி நெருப்பைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்கிறவன், கேவலம் ஒரு குளிரைப் பற்றி இன்னொருவனிடம் போய்க் கேட்பதா என்றார் அவர்.

அவர் கணக்கு தெளிவானது. மார்கழியில் பெண்ணாடத்துக்காரர் ஒருவரிடம் அந்தப் பழைய காரை வாங்கியபோது, சுவிட்சைத் திருப்பினால் பல் கிட்டிப்போகும் குளிர் வந்தது. தையில் அதில் ஏறிய சம்பந்தியம்மாள் தங்கம்மாள் சால்வை கேட்டாள். மாசியில் குளிர் குறைந்தது. பங்குனியில் வெதுவெதுப்பு. சித்திரையில் அனல். ஆக, கேஸ் மாதாமாதம் கசிந்திருக்கிறது. கசிவு என்றால் அடைக்க வேண்டும். சூளையானால் என்ன, காரானால் என்ன?

அவசரமும் இருந்தது. சேத்தியாத்தோப்பில் வாழ்க்கைப்பட்ட மகள் சௌந்தர்யாவுக்கு வளைகாப்பு. முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். இந்த வெயிலில் ஏசி காரில் வந்தால் பெண்ணை அனுப்புகிறேன், இல்லையென்றால் பிரசவம் இங்கேதான் என்று தங்கம்மாள் கறாராகச் சொல்லியிருந்தாள்.

பஞ்சநாதன் சூளைக் கதவு இடுக்கில் வைக்கும் வெள்ளைப் பஞ்சைக் கொண்டுவந்து கார்க் கதவுகளின் ஓரமெல்லாம் திணித்தார். சேத்தியாத்தோப்பு போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டையைப் பிழியலாம் போலிருந்தது. பஞ்சு போதவில்லை, மண்ணே பூச வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

வளைகாப்பு முடிந்து திரும்பும்போது பார்வதி பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள். தங்கம்மாள், ஏசி மேல் நம்பிக்கை வராமல், மருமகளோடு தானும் ஏறிக்கொண்டாள். எல்லோரும் உட்கார்ந்ததும் பஞ்சநாதன் அந்த ஊர் வாய்க்காலில் அள்ளிவைத்திருந்த ஒரு வாளி ஈரக் களிமண்ணை எடுத்து, சூளை வாயை மூடுவதுபோல உள்ளிருந்தபடியே கதவு இடுக்குகளைப் பூசினார்.

“அண்ணே, வேர்க்குது.”

“குளிரு வர்றதுக்கு முந்தி அப்படித்தான் இருக்கும் சம்மந்தி. சூளையே உடனே புடிக்காது.”

பத்தாவது நிமிடத்தில் மூன்று பேரின் மூச்சும் மண்ணின் ஈரமும் சேர்ந்து முன்கண்ணாடி வெள்ளையானது. துண்டால் துடைத்தார். துண்டில் களிமண் இருந்தது. கண்ணாடி பழுப்பானது.

“அப்பா, ரோடு தெரியுதா?”

“தெரியுது.”

“எனக்குத் தெரியலையே.”

“நீயா ஓட்டுற?”

எதிரில் பஸ் வருவதாகத் தங்கம்மாள் சொன்னாள். எந்தப் பக்கம் என்று கேட்டார் பஞ்சநாதன். அதுவரை வேர்த்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு அப்போதுதான் உடம்பு நடுங்கத் தொடங்கியது.

“பாத்தீங்களா, குளிரு புடிச்சிடுச்சு” என்றார் பஞ்சநாதன்.

பஸ் எப்படியோ ஒதுங்கிப் போனது. கம்மாபுரத்தில் கார் ரோட்டைவிட்டு இறங்கி, ஒரு டூவீலர் மெக்கானிக் கடை வாசலில் கிடந்த மணல் குவியலில் ஏறி நின்றது. கதவு திறக்கவில்லை. மண் காய்ந்து இறுகியிருந்தது. கடைக்காரன் அறிவழகன் திருப்புளியால் நெம்பி மூவரையும் வெளியே எடுத்தான். சித்திரை மாதத்து உச்சி வெயில் சௌந்தர்யாவுக்கு ஜில்லென்று இருந்தது.

தங்கம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: “அண்ணே, இப்ப என் கண்ணு முன்னால கேஸ அடிச்சுக் குளிரக் காட்டுங்க. இல்லன்னா அடுத்த பஸ்ஸுல மருமவள எங்க வூட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்.”

பஞ்சநாதன் அசரவில்லை. மீசையில் ஒட்டியிருந்த களிமண்ணைத் தட்டிவிட்டு, அறிவழகன் பக்கம் திரும்பினார்.

“கேஸ மட்டும் கொஞ்சம் ரொப்பி வுடு தம்பி. மத்த வேலையெல்லாம் நானே முடிச்சிட்டேன்.”

அறிவழகன் பானெட்டைத் தூக்கிப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். குனிந்து அடியிலும் பார்த்துவிட்டு எழுந்தான்.

“வெறும் ஃபேனுதாங்க இருக்குது. இந்த வண்டியில ஏசியே கெடையாது.”