லாயத்தில் சல்லடைச் சத்தம்

ரயிலடித் தெரு,
சான் லாசரோ.

பெருமதிப்பிற்குரிய மச்சான் நிக்கனோர் அவர்களுக்கு,

தங்கள் தங்கை காசில்டாவின் கணவன் அன்செல்மோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் காசில்டாவும் நலம். குதிரை மோரோவும் நலம். தலைநகரில் தாங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். காலமான தங்கள் தகப்பனார் தோன் பால்டோமேரோவைக் குறித்து 'நலம்' என்று எழுதுவது முறைதானா என்று தெரியவில்லை. ஆனால் அவரும் நலமாகத்தான் இருக்கிறார் போலிருக்கிறது. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

அடக்கம் முடிந்து நீங்கள் ரயிலேறியதும் அவர் ஓட்டிவந்த வாடகை வண்டியும் மோரோவும் என் தலையில் விழுந்தது தாங்கள் அறிந்ததே. அதுவரை ரயிலடியில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன் நான். குதிரைக்குத் தீனி என்றால் சாக்கைக் கவிழ்த்தால் போதும் என்று நினைத்தேன், கவிழ்த்தேன். மோரோ தொட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சூப்பில் ஈ கிடந்தால் தட்டைத் தள்ளிவிடுகிற பெரிய மனுஷனைப்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நாளுக்கு நாள் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. ரயிலில் வந்து இறங்குகிறவர்கள், "நாங்க நடந்தே போயிடறோம், நீங்க வேணா குதிரையை வண்டியில ஏத்திக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்படியே போனால் மோரோவும் மிஞ்ச மாட்டான், பிழைப்பும் மிஞ்சாது.

அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது மச்சான். ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற மத்தியானத்தில், நாய்கூட நிழலைவிட்டு அசையாத நேரத்தில், லாயத்துக்குள் சர்... சர்... என்று யாரோ சல்லடையை ஆட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் ஆளில்லை. சல்லடை ஆணியில் தொங்குகிறது, ஆனால் லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது. வெயில் கோட்டில் உமித்தூசி இன்னும் மிதந்து இறங்குகிறது. தொட்டியில் ஓட்ஸ், நான் போட்ட ஓட்ஸேதான், தூசியும் கல்லும் போய், தண்ணீர் தெளித்து ஊறவைத்து, உப்புக்கல் போட்டு, வெல்லப்பாகு வாசனையோடு. மோரோ கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தான். நடுவில் தலையைத் தூக்கி, நெற்றியை எதிலேயோ வைத்துத் தேய்த்தான். உங்கப்பா நெஞ்சில் தேய்ப்பானே, அதே உயரம். அங்கே ஒன்றுமே இல்லை மச்சான், வெறும் காத்து. நான் எப்படி வீட்டுக்குள் வந்தேன் என்று எனக்கே தெரியாது, ஒரு செருப்பு லாயத்திலேயே கிடந்தது.

காசில்டாவிடம் சொன்னேன். சிரிக்கிறாள். "எங்கப்பா உசிரோட இருந்தப்பவே யாரு சொல்லியும் கேக்கலை. செத்தப்பறம் நீங்க சொல்லியா கேக்கப் போறாரு? குதிரை தேறுதுல்ல, பேசாம படுங்க."

மோரோ தேறினான் என்பது உண்மை. மேலெல்லாம் பளபளப்பு. ஊர்க்காரர்கள் என்னைப் பாராட்டினார்கள், "கைராசி அன்செல்மோ" என்றார்கள். அங்கேதான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. வீட்டுக்கு ஆம்பளை நான் இருக்கிறேன், என் குதிரைக்கு நான் போடுகிறேன், இடையில் இவர் யார் என்று ஒரு ரோஷம். வண்டியோட்டிவிட்டு வந்த சூட்டோடு தண்ணீர்கூடக் காட்டாமல், மக்காச்சோளத்தை உடைக்காமல் முழுசாகத் தொட்டி நிறையக் கொட்டினேன். பசியில் அள்ளித் தின்றான். கொஞ்ச நேரத்தில் தரையில் விழுந்து புரண்டான், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான், வியர்வை சொட்டியது. படுக்கவிட்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று காசில்டா கத்தினாள். கயிற்றைப் பிடித்து வெயிலில் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடத்தினேன், அழுதுகொண்டே நடந்தேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். காசில்டா வாசலில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். மோரோவின் இடது காது என் பக்கம் திரும்பியிருந்தது. வலது காது அந்தப் பக்கம், யாரும் நடக்காத பக்கம். அவன் முழங்கால் மடங்கும்போதெல்லாம் அந்தப் பக்கமிருந்து யாரோ தோள் கொடுத்து நிமிர்த்துகிற மாதிரி எழுந்தான். நான் குனிந்து அவன் வயிற்றுக்கு அடியில் எட்டிப் பார்க்கவில்லை மச்சான். கால் தெரிந்தாலும் பயம், தெரியாவிட்டாலும் பயம். நிழல் சாயும்போது சாணி போட்டான். அவ்வளவு சந்தோஷத்தோடு நான் சாணியைப் பார்த்ததே இல்லை.

அதிலிருந்து முதலில் தண்ணீர், பிறகு வைக்கோல், அதற்கப்புறம்தான் தானியம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நானே சலிக்கிறேன். பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிறார்கள். தப்பாகச் சலித்தால் 'ம்ச்' என்று சத்தம் வருகிறது. மருமகனால் இதற்கு மேல் தாங்க முடியாது. ஆகவே தாங்கள் ரெமிஹியோ பாதிரியாருக்கு எழுதிப் பூசைக்கு ஏற்பாடு செய்து, அடுத்த ரயிலிலேயே வந்து, மகன் என்கிற முறையில் தகப்பனாரைச் சமாதானமாக வழியனுப்பி வைக்குமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மனைவியாருக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். எல்லாருக்கும் மாதாவின் காவல் கிடைப்பதாக.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
அன்செல்மோ

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் குதிரையைப் பார்க்க டாக்டர் பஸ்ஸானி வந்தார். ஊருக்குப் புதுசு, உங்கப்பாவைக் கண்டதே இல்லை. நான் சட்டை மாட்டுவதற்குள் பின்பக்கமாக லாயத்துக்குப் போய்விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"குதிரைக்கு ஒண்ணுமில்ல. சொல்ல வேண்டியதை உள்ள இருக்கற பெரியவர்கிட்ட சொல்லிட்டேன். காது மந்தமோ? ரெண்டு தடவை கத்த வேண்டியிருந்துது."

"எந்தப் பெரியவர்?" என்றேன்.

"அதான், சலிச்சுக்கிட்டு இருக்காரே. மருமகன் இப்பத்தான் கத்துக்கறான், வர்ற குளிர்காலம் முடியற வரைக்கும் கூட நின்னுட்டுப் போயிடறேன்னாரு."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த காசில்டா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா டாக்டர்?"

"கேட்டாரேம்மா. மருமகனும் எலும்பும் தோலுமா இருக்கான், அவனுக்கும் வேளாவேளைக்கு ஏதாவது போடும்படி மககிட்ட சொல்லுங்கன்னாரு."

ஆகையால் மச்சான், நீங்கள் வர வேண்டாம். பாதிரியாருக்கும் எழுத வேண்டாம். நாளைக்கு லாயத்துக் கூரையில் ஒரு தகரம் மாற்றுகிறேன். அவர் நிற்கிற பக்கம் ஒழுகுகிறது.