கழிசடையின் ஒரே கச்சேரி

எதையாவது ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள் அதைச் செய்துகொண்டிருப்பார்கள். தெரியாதவர்கள் உட்கார்ந்து அதற்கு விதி எழுதுவார்கள். அண்ணாமலை நகரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்தபோது நான் ஒரு நோட்டு நிறைய விதி எழுதினேன். ‘ஒரு ராக் குழு எப்போது பங்க் ஆகிறது?’ என்பது தலைப்பு. அந்தக் கேள்வி சிதம்பரத்தில் யாருடைய தூக்கத்தையாவது கெடுத்ததாகத் தகவல் இல்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் எழுதினேன்.

பங்க் என்கிற அந்த மேற்கத்தியக் கலக இசையைப் பற்றி எனக்கு இருந்தது இரண்டு மாத ஞானம், அதுவும் விடுதியின் நொண்டி இணையத்தில் இறக்கியது. பங்க் பாடகனுக்குப் பாடத் தெரிய வேண்டிய அவசியமில்லை என்று எங்கோ படித்தேன். எனக்காகவே ஒருவர் மெனக்கெட்டு ஓர் இசையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாரே என்று கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரமே குழு ஆரம்பித்துவிட்டேன். பெயர் ‘கழிசடை’. (அப்பா என்னைக் கூப்பிட வழக்கமாகப் பயன்படுத்தும் சொல். புதிதாக யோசிக்கும் சிரமம் மிச்சம்.) ஊரில் விஷயம் பரவியபோது சித்தப்பா அப்பாவிடம், “படிக்கிற பையன ஏன் பங்க்ல வேலைக்கி உட்ட? டீசலா, பெட்ரோலா?” என்று விசாரித்தாராம்.

குழுவில் மூன்று பேர். கிதார் தினேஷ், ஸ்ரீமுஷ்ணத்துக்காரன். சாதுவான பையன், யார் எது சொன்னாலும் கேட்பான். நான் சொன்னதைக் கூடக் கேட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பங்க் பாட்டுக்கு மூன்று கார்டுதான், அதாவது கிதாரில் மூன்று சுரக்கட்டுதான், அனுமதி என்பது என் முதல் விதி. அவனுக்கு நான்கு தெரிந்திருந்தது. ஒன்றை மறந்துவிடச் சொன்னேன். கிதாருக்குச் சுருதி சேர்ப்பதும் அடிமைத்தனம் என்று தடை செய்தேன்.

டிரம்ஸ் அன்பு. கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து படித்தவன். அப்பா கடலுக்குப் போகிறவர். சனி, ஞாயிறுகளில் அன்பு ஒரு மெல்லிசைக் குழுவோடு கல்யாணம், காதுகுத்து என்று சுற்றி வாசித்துத் தன் படிப்பைத் தானே பார்த்துக்கொண்டான். எங்கள் மூவரில் இசை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதுதான் எனக்குப் பிரச்சினையாக இருந்தது.

உடையிலும் நான் விட்டுவைக்கவில்லை. ஜீன்ஸை முட்டியில் பிளேடால் கிழித்தேன். வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது அம்மா ‘ஐயோ புள்ள எங்கியோ உழுந்திருக்கான்’ என்று அப்பாவின் பழைய பேண்டில் துணி வெட்டி அழகாக ஒட்டுப் போட்டு வைத்துவிட்டார். சட்டை நிறைய ஊக்கு குத்தியிருந்தேன். என் அக்கா செல்வி புடவை கட்டும் நாட்களில் என் புரட்சியிலிருந்து இரண்டு ஊக்கைக் கழற்றிக்கொண்டு போவாள். கேட்கக்கூட மாட்டாள்.

விடுதி மொட்டைமாடியில் ஒத்திகை பார்க்க அனுமதி வேண்டியிருந்தது. அதிகாரத்துக்கு எதிரான குழுவின் சார்பில், ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்று கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தேன். இது பங்க்கா என்று தினேஷ் சந்தேகம் கேட்டான். தந்திரம் என்றேன்.

அந்த மாடியில்தான் அன்புவைக் குழுவை விட்டு நீக்கினேன். நான் கத்திக்கொண்டிருந்த பாட்டின் நடுவே அவன் ஓர் உருட்டு உருட்டினான். கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பையன்கள் நிமிர்ந்து பார்த்துக் கைதட்டினார்கள். கைதட்டல் வாங்கினால் அது பங்க் இல்லை. விதி ஏழு. நிறுத்தச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசினேன். நன்றாக வாசிப்பது ஒரு பாவம், கல்யாணத்தில் வாசிப்பது அதைவிடப் பெரிய பாவம், நீ கூலிக்கு அடிக்கிறவன், உன்னிடம் கோபமே இல்லை என்றெல்லாம் சொன்னேன். அன்பு பொறுமையாகக் கேட்டான்.

“அப்ப பங்க்னா என்னா மச்சான்? நல்லா வாசிக்கக் கூடாது, நாலு பேருக்குப் புடிக்கக் கூடாது. அவ்ளோதானா?”

“யாருக்கும் பணியக் கூடாது. அது உனக்குப் புரியாது.”

“சரி, நான் பங்க் இல்ல. நாளைக்கி விருத்தாசலத்துல ஒரு கச்சேரி இருக்கு. கெளம்பறேன்,” என்று குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

கோபப்பட்டிருந்தாலாவது நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருக்கலாம். அவன் கோபப்படவில்லை. நான் போய் நோட்டில் இன்னொரு விதி எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பெண்ணாடத்துக்காரர், தருமபுரி பக்கம் ஏதோ ஒரு மலை கிராமத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர். கரும்பு விவசாயக் குடும்பம். நகை, சீர், வண்டி எதுவும் வேண்டாம், பெண்ணை மட்டும் அனுப்புங்கள் என்று அவர்களாகவே சொன்னார்கள். அப்பா நம்ப முடியாமல் இரண்டாம் முறை போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை வரவேற்பு, சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில். அப்பா ஏற்பாடு செய்த மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்க வந்தவன் அன்பு. என்னைப் பார்த்ததும் சாதாரணமாகத் தலையசைத்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். அவளுக்குப் பிடித்த பழைய மெலடி ஒன்றை, எவ்வளவு கேவலமாக இருந்தாலும் பரவாயில்லை, தம்பி பாட வேண்டும் என்று. சரி என்றேன். மனதுக்குள் வேறு திட்டம் இருந்தது. எழுநூறு பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபம். கழிசடைக்கு இப்படி ஒரு மேடையை இனி யார் தரப்போகிறார்கள்? நானே எழுதிய ‘பணியமாட்டேன்’ பாட்டைப் பாடிவிடுவது என்று முடிவு செய்து தினேஷை வரச்சொல்லியிருந்தேன். கல்யாண வீட்டில் கழிசடை என்று சொல்ல அறிவிப்பாளருக்கு வாய் வரவில்லை. “அடுத்து, மணமகளின் அன்புத் தம்பி வழங்கும் கலைச்சுடர்,” என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்.

அந்தப் பாட்டை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. ‘தாலி ஒரு பூட்டு, சாவி எவன் கையில?’ என்று ஆரம்பித்து, ‘சீர் கேட்டு வந்தவன செருப்பால வரவேற்போம்’ என்று போகும். கடலூர் மாவட்டத்தில் சீர் கேட்ட ஆயிரம் மாப்பிள்ளைகள் இருந்திருப்பார்கள். ஒருவரிடமும் போய் நான் இதைப் பாடவில்லை. வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு வீட்டாரைத் தேடிப் பிடித்து, முன்வரிசையில் உட்காரவைத்து, பன்னீர் தெளித்துப் பாடினேன்.

பாடினேன் என்பதும் மிகை. கத்தினேன். தலையை முன்னும் பின்னும் ஆட்டினேன், கண்ணை உருட்டினேன், நாக்கை நீட்டினேன். மைக் ஸ்டாண்டைத் தூக்கி மேடையில் குத்தினேன். சுருதி சேர்க்காத கிதாரோடு தினேஷ் பயத்தில் சுவரோரம் போய்விட்டான். அன்பு வேறு வழியில்லாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். கீழே சாப்பாட்டுப் பந்திக்குப் போனவர்கள் இலையை விட்டு எழுந்து வந்தார்கள். நான் எதிர்பார்த்த அதிர்ச்சி கிடைத்துவிட்டது. ஒரு நிமிடம், சத்தியமாக, என் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய ஆளாக என்னை நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தாய்மாமா எழுந்தார். ஆறடி உயரம், கரும்பு வெட்டிக் காய்ப்பேறிய கை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைப் படியில் கால் வைத்தார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர். அப்பா கூட்டத்தின் நடுவே கைகூப்பியபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் பாட்டு பாதியில் நின்றது. நான் அடி வாங்குவது இருக்கட்டும், இந்தக் கல்யாணம் விடியும் வரை தாங்குமா என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாலையும் பட்டுப்புடவையுமாக உட்கார்ந்திருந்த அக்கா அலங்கார நாற்காலியிலிருந்து ஓடிவந்தாள். எனக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்று, மண்டபமே கேட்கும்படி சொன்னாள்:

“அடிச்சிடாதீங்க மாமா. தம்பிக்கு சாமி வந்துருக்கு.”

மண்டபம் அடங்கிப்போனது. அக்கா என் தோளைப் பிடித்து அணைப்பது போலக் காதருகே வந்தாள். “அப்பிடியே ஆடு. நிறுத்துன, நானே கொன்னுடுவேன்.”

யாருக்கும் பணியமாட்டேன் என்று அரை நிமிடத்துக்கு முன் மைக்கில் அறிவித்தவன் உடனே ஆடினேன்.

ஆனால் மாமா நம்பியதாகத் தெரியவில்லை. என் ஆட்டத்தில் எங்கேயோ உதைத்தது. அந்த நேரத்தில் பின்னாலிருந்து அன்பு தாளத்தை மாற்றினான். அது வரை அடித்தது போய், திருவிழாவில் சாமியாடிகளுக்கு அடிக்கும் பம்பை அடி அந்த டிரம்ஸில் எழுந்தது. அப்படி ஓர் அடியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்கே உடம்பு சிலிர்த்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் குலவை போட்டார்கள். மாமாவோடு வந்த நாலு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா, எனக்கு அத்தை முறை, தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். என் நெற்றியில் ஒரு கைப்பிடி திருநீறை அப்பினார்.

“யாரு வந்திருக்கிறது? சொல்லு தாயி.”

எனக்கு அவர்கள் குலதெய்வம் தெரியாது. எங்கள் குலதெய்வத்தின் பெயரே அந்தப் பதற்றத்தில் வரவில்லை. பல மாதமாக மண்டைக்குள் இருந்தது ஒரே ஒரு சொல்தான். “ப்... பங்க்...” என்றேன்.

“அங்காளம்மாவா?” என்று அத்தை விழுந்து கும்பிட்டார். “தாயே, என் மவன் மலையில கெடக்கறான். எப்ப மாத்தல் கெடைக்கும்?”

“தை பொறந்தா கெடைக்கும்,” என்றேன். ஏன் தை என்று கேட்காதீர்கள்.

மாமா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “அம்மன்னா கற்பூரத்த முழுங்கட்டும், பாப்பம்,” என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணில் இரக்கமே இல்லை. பிறகு அப்பாவைப் பார்த்தேன். அவர் இன்னும் கைகூப்பியபடியே நின்றார். வாயைத் திறந்தேன். எரிகிற கற்பூரத்தை அத்தை பயபக்தியோடு நாக்கில் வைத்தார். மூடினேன். அதன் பிறகு நான் போட்ட கூச்சல்தான் அன்றைக்கு நான் பாடியதிலேயே உணர்ச்சிகரமானது. மாமா என் காலில் விழுந்தார்.

கல்யாணச் சாப்பாட்டை நான் பார்த்ததோடு சரி. மேடைக்குப் பின்னால் நாற்காலியில் நாக்கை வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்பு ஜூஸ் கடைக்காரரிடம் ஐஸ் வாங்கிவந்து கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

“உங்க அக்கா என்னப் பாத்தாங்க மச்சான். பார்வையிலயே சொல்லிட்டாங்க. அதான் அடிச்சேன்,” என்றான்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நாக்கு இல்லை. சட்டைப்பையிலிருந்த பாட்டுக் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் ‘மன்னிச்சுடுடா’ என்று எழுதிக் கொடுத்தேன். அன்பு அதை இரண்டு முறை படித்தான்.

“இது எத்தனாவது விதி?” என்று கேட்டுவிட்டு எழுந்துபோனான். அடுத்த பாட்டு அக்கா கேட்டிருந்த மெலடி. நான் பாட வேண்டியதை அவர்கள் குழுப் பாடகி பாடினார். அன்பு தொட்டும் தொடாமலும் வாசித்தான். அக்கா அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. கற்பூரம்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

பத்து நாளைக்குக் கஞ்சியும் மோரும்தான் சாப்பாடு. வாய் ஆறியபோது குழுவைப் பற்றிப் பேச எனக்கும் ஆசை இல்லை, கேட்க தினேஷுக்கும் ஆசை இல்லை. மறந்த நாலாவது கார்டை அவன் திரும்பக் கற்றுக்கொண்டான் என்று கேள்வி.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தை மாதம் மாப்பிள்ளைக்கு விருத்தாசலம் பக்கமே மாற்றல் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து பெண்ணாடத்து அத்தை எதற்கும் எனக்குத்தான் போன் செய்கிறார். போர்வெல் கிழக்கால போடலாமா, மேற்கால போடலாமா; கரும்பை வெட்டின கட்டையிலேயே மறுதாம்பு விடலாமா, அழித்துப் புதிதாக நட்டுவிடலாமா. எனக்கு இப்போது முப்பத்தைந்து வயது, கடலூரில் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் தொழில். அங்காளம்மன் வேலையும் கூடவே போகிறது.

அத்தை பேசுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் எப்போதும் அக்கா எனக்குப் போனில் பேசிவிடுவாள். மருமகள் மேலே படிக்கலாமா என்று அத்தை முதன்முதலில் கேட்டபோது, படிக்கட்டும் என்று அம்மன் சொன்னது. வேலைக்குப் போகலாமா என்றபோதும் போகட்டும் என்றது. போன வருடம் ஸ்கூட்டி வாங்கலாம், சிவப்பு நிறம் விசேஷம் என்றது. அந்த வீட்டில் அக்கா யாரையும் எதிர்த்துப் பேசியதாக இதுவரை ஒரு புகார் இல்லை. அவள் நினைத்தது ஒன்றும் நடக்காமல் போனதும் இல்லை. மாமாவுக்குக் கொஞ்ச நாளாகச் சந்தேகம், அன்புவிடம்தான் விசாரித்திருக்கிறார். (அன்பு இன்றும் வாசிக்கிறான், சொந்தமாக ஒரு குழு வைத்திருக்கிறான்.) அவன், “அம்மன் இல்லாம அப்பிடி ஒரு கொரல் மனுசனுக்கு வருமா மாமா?” என்றானாம்.

என் வாக்கு ஒரே ஒரு முறை பொய்த்தது. மழை வராது, நெல்லைக் காயப்போடுங்கள் என்றேன். மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. அத்தை என்னைத் திட்டவில்லை. முந்தின நாள் என்ன கிழமை, என்ன சாப்பிட்டேன் என்று மட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமை, பிரியாணி. “அதான பாத்தேன்,” என்று போனை வைத்தார்.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் நான் கறி தொடுவதில்லை. ஆடி மாதம் முழுக்க முட்டைகூடக் கிடையாது. அத்தை உத்தரவு.