எல்லாருக்கும் ஒரே கண்

போட்டோ திருத்துகிறவர் என்று ஓர் இனம் உண்டு. எடுக்கிறவர் இல்லை, கவனியுங்கள். எடுக்கிறவருக்கு வெளிச்சம் வேண்டும், ஃபிலிம் வேண்டும், எதிரே நாலு பேர் அசையாமல் நிற்க வேண்டும். திருத்துகிறவருக்கு உங்கள் வீட்டு பீரோவில் ஓர் ஆல்பம் இருந்தால் போதும். இரண்டாயிரத்துக்குப் பிறகு, பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்த வீட்டிலெல்லாம் கம்ப்யூட்டர் வந்து, அதன் கூடவே ஸ்கேனரும் வந்து, கடைக்காரர் போகிற போக்கில் ஃபோட்டோஷாப்பையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போக, பிள்ளை ஹாஸ்டலுக்குக் கிளம்பியதும் காலியான நாற்காலியில் அப்பா போய் உட்கார்ந்தாரே, அன்றைக்குப் பிறந்தது இந்த இனம். சேலையூரில் தெருவுக்கு ஒருவர் இருந்தார். எங்கள் தெருவுக்கு ராஜகோபால் சார். அவர் மாடியில், நான் கீழ் வீட்டில் வாடகைக்கு. தப்பிக்க வழியே இல்லை.

இந்த இனத்துக்கு ஸ்டூடியோ படம் பிடிக்காது. அதில் என்ன இருக்கிறது திருத்த? பின்னால் ஒரு திரை, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பூ, விறைத்துப்போன ஒரு தம்பதி. இவருக்கு வேண்டியது வெளியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வண்டலூரில், மெரினாவில், மாமண்டூர் ஏரிக்கரையில், கல்யாண வீட்டுக் கொல்லையில் குடும்பமே வரிசையாக நின்று எடுத்த படம். வானம் வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருக்கும், ஒருத்தி தலைமுடி காற்றில் அடுத்தவள் வாய்க்குள் போயிருக்கும், பின்னால் யாரோ ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருப்பார். ஆகா! பார்த்ததும் ராஜகோபால் சார் விரல் துறுதுறுக்கும். "ஒண்ணும் பயப்படாதீங்க, லைட்டா ஒரு டச், அவ்ளோதான்" என்பார். பயப்பட வேண்டியது அப்போதுதான்.

முதலில் வானத்துக்கு மேகம் போடுவார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு மேகம், இடப்பக்கம் கொஞ்சம் பருத்து வலப்பக்கம் வால் நீண்டது. அதைத்தான் எல்லார் வானத்திலும் ஒட்டினார். எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கூடத்துக்குப் போனாலும், யாருடைய தாத்தா காலத்துப் படமானாலும், அதே மேகம் மேலே நிற்கும். பிறகு தொந்தியைக் குறைப்பார். வழுக்கையில் கொஞ்சம் முடி நடுவார். கடைசியில், 'படத்துக்குச் சம்பந்தமில்லாதது' என்று அவர் தீர்மானித்ததையெல்லாம் தூக்குவார். எதிர்வீட்டு சௌகத் அலி பாய் குடும்பப் படத்தில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. ராஜகோபால் சார் அதைத் துப்புரவாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிரமாதமான புல்தரை போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். பாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், ஆடு எங்க?"

"அதான் எடுத்துட்டேனே! எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க."

"அந்த ஆட்டுக்காகத்தான் சார் எங்க அத்தா போட்டோகிராஃபரையே கூட்டிட்டு வந்தாரு. போட்டியில கப்பு வாங்கின ஆடு. நாங்க சும்மா பக்கத்துல நின்னோம்."

ராஜகோபால் சார் அசரவில்லை. இந்த இனம் எதற்கும் அசராது. "கவலையே படாதீங்க பாய், கண்ட்ரோல் இசட் அடிச்சா ஆடு வந்துரும்" என்றார். உலகத்தில் எதைச் செய்தாலும் அந்த இரண்டு பொத்தானை அழுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்பது அவர் மதம். ஆடு இன்றுவரை வரவில்லை, அது வேறு விஷயம்.

சரி, ஊரார் படத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இரண்டாயிரத்து ஆறில் ராஜகோபால் சார் மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கினார். தண்ணீர் லாரி வரும் நேரத்தை விசாரித்துவிட்டுத்தான் கிரகப்பிரவேசத்துக்கு நாளே குறித்தார். எல்லாம் தயார். அவருடைய அம்மா சாமுண்டீஸ்வரி அம்மாள் மட்டும் தயாரில்லை.

"பால் பொங்குறப்போ எம்பொண்ணு எம்பக்கத்துல நிக்கணும். அவ வரலைன்னா நானும் வரல. இந்த வீட்டுலயே கெடக்கேன். நீங்க போய் லிஃப்ட்ல ஏறி இறங்குங்க" என்றுவிட்டார்.

பெண் என்றால் ராஜகோபால் சாரின் ஒரே தங்கை ஜெயஸ்ரீ. கேளம்பாக்கத்தில் இருக்கிறாள். சேலையூரிலிருந்து எத்தனை தூரம் என்கிறீர்கள்? ஆனால் அண்ணனும் தங்கையும் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. ராஜகோபால் சார் தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு, சொந்த அத்தைக்கு, பத்திரிகையைக் கூரியரில் அனுப்பிவிட்டார். நேரில் போகவில்லை, தட்டு வைக்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை வாங்க என்று சொல்லவில்லை. ஜெயஸ்ரீயின் கணவர் குப்புராஜ் அந்தக் கூரியரில் கையெழுத்துப் போட்டு வாங்கினாராம். "உங்கண்ணன் வீட்டுக்கு வர்றதுக்குக் கையெழுத்தெல்லாம் போடணும்போல" என்று அவர் சொன்ன அந்த ஒரு வரியில் அண்ணன் தங்கை உறவு முடிந்தது.

"நேர்ல போய்க் கூப்பிடுடா" என்று அம்மா கெஞ்சினார். ராஜகோபால் சார் கேட்டாரா? கோபம் வந்தால் நீங்களும் நானும் கத்துவோம், கதவைச் சாத்துவோம். திருத்துகிறவர் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போவார்.

புது வீட்டுக் கூடத்தில் மாட்டப் பெரிய படம் ஒன்று அவர் எடுத்து வைத்திருந்தார். அறுபதுகளின் கடைசியில் மகாபலிபுரம் கடற்கரையில் குடும்பத்தோடு எடுத்தது. உச்சி வெயில். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அரைக்கால் டிராயரில் ராஜகோபால், அத்தனை பேரும் சூரியனைப் பார்த்து நின்றதில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ அடிக்க வருகிற மாதிரி முகத்தைக் கோணிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் அப்படி இல்லை. அப்பா தன் குடையைத் தனக்குப் பிடிக்காமல், பக்கத்தில் நின்ற கடைக்குட்டிக்குச் சாய்த்துப் பிடித்திருந்தார். அந்தக் குடை நிழலில் ஆறு வயது ஜெயஸ்ரீ இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, சிரித்துக்கொண்டு நின்றாள்.

"கூப்பிட்டா வராதவங்க படத்துல மட்டும் எதுக்கு?" என்று அவர் என்னிடமே கேட்டார். கூப்பிடவே இல்லையே சார் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் எலிக்குட்டியைப் பிடித்துவிட்டார். க்ளிக், க்ளிக். தங்கை போய்விட்டாள். ஆனால் குடை நிற்கிறதே! அப்பா வெறும் மணலுக்குக் குடை பிடிப்பது நன்றாகவா இருக்கும்? அந்த இடத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கடற்கரையில் குரோட்டன்ஸ் தொட்டி. அதற்குக் குடை. மேலே நம்முடைய மேகம்.

அதோடு விட்டாரா? எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்களே, கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கண் திறக்க வேண்டும். திறந்த கண்ணுக்கு எங்கே போவது? வேறொரு படத்துக் கண்ணை வைத்துப் பார்த்தார், வெளிச்சம் ஒத்துவரவில்லை. அந்தப் படத்திலேயே திறந்திருந்த கண் ஒரே ஒரு ஜோடிதான். தூக்கிய தங்கையைக் கொஞ்சம் திரும்பக் கூப்பிட்டார், கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பிவிட்டார். பிறகு அளவு பார்த்துப் பெரிதாக்கி அப்பாவுக்கு ஒரு ஜோடி, அம்மாவுக்கு ஒரு ஜோடி, சித்திக்கு, தனக்கு, பந்தியில் பரிமாறுகிற மாதிரி எல்லாருக்கும் வைத்துக்கொண்டே போனார். முறுக்கு மீசை சித்தப்பா ஆறு வயதுப் பெண்ணின் கண்ணோடு, பஞ்சுமிட்டாய் கேட்கிறவர்போல் நின்றார்.

ஃபிரேம் போடத் தாம்பரத்துக்கு எடுத்துக்கொண்டு போனபோது நானும் கூடப் போனேன். கடைக்கார யேசுதாசன் கண்ணாடி வைப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று பார்த்தான்.

"இன்னா சார், எல்லாம் ஒரே மூஞ்சா கீது? மொத்தக் குடும்பமும் ரெட்டப் பொறப்பா?"

"ஃபேமிலி ஜாடைப்பா, ஃபேமிலி ஜாடை" என்றார் ராஜகோபால் சார், பெருமையோடு.

இப்படி இவர் தங்கையைத் துடைத்துக்கொண்டிருந்த அதே வாரம், இவர் மனைவி சத்தமில்லாமல் ஒரு காரியம் செய்திருந்தார். தாம்பூலத் தட்டு, பூ, பழம், பத்திரிகை எல்லாவற்றையும் ஒரு கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கேளம்பாக்கம் போய், குப்புராஜ் முன்னால் தட்டை நீட்டி, "அவரு அனுப்பிச்சாரு" என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருந்தார். இது மாமியாருக்கு மட்டும் தெரியும். கிரகப்பிரவேசத்தன்று அம்மா மறுபேச்சில்லாமல் காரில் ஏறி உட்கார்ந்தபோதே ராஜகோபால் சார் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படம் நேராக மாட்டியிருக்கிறதா என்ற கவலையில் அவருக்கு அது உறைக்கவில்லை.

ஐயர் ஹோமத்தை முடித்தார். அடுப்பில் பால் ஏறியது. வந்தவர்களெல்லாம் படத்தைப் பார்த்து, "அடேங்கப்பா, எல்லாருக்கும் ஒரே கண்ணு!" என்று வியந்துகொண்டிருந்தார்கள். அப்போது லிஃப்ட் கதவு திறந்தது. பட்டுப்புடவையில் ஜெயஸ்ரீ, பின்னால் குப்புராஜ்.

ராஜகோபால் சார் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! முதலில் ஒரு சந்தோஷம் வந்தது, சத்தியமாக வந்தது, நான் பார்த்தேன். அடுத்த நொடியே கண் சுவருக்குப் போனது. ஓடிப்போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார். இரண்டு கையையும் விரித்தார். அத்தனை பெரிய பிரிண்ட்டை ஒரு மனிதர் எவ்வளவு மறைக்க முடியும்? அப்பாவும் குடையும் அவர் தோளுக்கு மேலே நன்றாகத் தெரிந்தார்கள்.

"நகருண்ணா" என்றாள் ஜெயஸ்ரீ. அத்தனை வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நகர்ந்தார். அவள் படத்தில் தன் இடத்தைத் தேடினாள். அந்த இடத்தில் தொட்டி. அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தவர், கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அப்பா எனக்குப் பிடிச்ச குடை. இப்போ குரோட்டன்ஸுக்கா பிடிக்கிறாரு?" என்றாள். "ஏங்க, வாங்க போலாம்."

குப்புராஜ் செருப்பைத் தேடத் திரும்பினார். ராஜகோபால் சாரின் இடது கைவிரல்கள் வேட்டி மேல் எதையோ அழுத்தின. எனக்குத் தெரியும் அது என்ன பொத்தான் என்று. அந்த இடத்தில் அது வேலை செய்யவில்லை.

வாசல்வரை போன ஜெயஸ்ரீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்பாவைக் கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் திரும்பினாள். பார்த்தவள் நின்றாள். கிட்டே வந்தாள். அப்பா முகத்தை உற்றுப் பார்த்தாள், அம்மா முகத்தைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள்.

"இதெல்லாம் என்னோட கண்ணு."

அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஆள் வேணாம், கண்ணு மட்டும் வேணுமா உனக்கு? ஏண்ணா?"

'லைட்டா ஒரு டச்' என்று ஆரம்பிக்கப் போகிறார் என்றுதான் நான் பயந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்ல ஜெயா... உன் கண்ணு ஒண்ணுதான் திறந்திருந்துச்சு. நாங்க எல்லாரும் மூடிக்கிட்டுதான் நின்னோம். எனக்கு வேற வழி தெரியல."

அவர் சொன்னது போட்டோவைப் பற்றித்தான். சத்தியமாகப் போட்டோவைப் பற்றித்தான். ஆனால் சொல்லி முடித்ததும் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது, அந்த மனிதர் கூடத்து நடுவில், ஐயர் முன்னால், அழுதுவிட்டார். ஜெயஸ்ரீ ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். மீசைக்கு மேலே தன்னுடைய ஆறு வயதுக் கண்ணைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. "சித்தப்பாவையாவது விட்டுவெச்சிருக்கக் கூடாதா, பாவி!" என்று அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அண்ணன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஏய், பால் பொங்கிருச்சு!" என்று அம்மா கத்தினார். பாதிப் பால் அடுப்பில். மீதிப் பாலை அம்மாவும் பெண்ணும் ஒன்றாகத்தான் இறக்கினார்கள்.

ராஜகோபால் சார் திருந்தினாரா என்று கேட்பீர்கள். திருத்துகிறவர் எங்கேயாவது திருந்துவாரா? தங்கையைத் திரும்பக் கொண்டுவந்து குடைக்குக் கீழே நிறுத்தினார், எல்லாருடைய சுருங்கிய கண்ணையும் அவரவருக்குத் திருப்பிக் கொடுத்தார், அதுவரை சரி. மாப்பிள்ளை மனம் குளிர வேண்டும் என்று குப்புராஜையும் ஓரத்தில் சேர்த்துவிட்டார். ஆறு வயது மனைவிக்குப் பக்கத்தில், பேன்ட் சட்டையோடு, மீசையோடு, பாக்கெட்டில் செல்ஃபோனோடு குப்புராஜ் நிற்கிறார். தலைக்கு மேல் அதே மேகம். குப்புராஜ் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

என்ன, சிரிக்கிறீர்களா? உங்களுக்குக் கம்ப்யூட்டரே தெரியாது, அதனால் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஆல்பம் காட்டினீர்களே, ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தீர்களே, இது மாமா, இது பெரியம்மா, இது நான் என்று. வரிசையின் ஓரத்தில் நின்ற ஒருத்தர் முகத்துக்கு மேலே, ஏதோ தற்செயலாக வைத்த மாதிரி, உங்கள் கட்டைவிரல் இருந்தது. அதைக் கொஞ்சம் எடுங்கள், யார் என்று பார்ப்போம்.