மழைநாள் குஷி காண்ட்ராக்டர்

மழைக்காலம் வந்தால் ஈசல் வரும், கொசு வரும், வெள்ளம் பார்க்க அதிகாரிகளின் ஜீப் வரும். இவற்றோடு இன்னொரு பிராணியும் வெளியே வரும். நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள், பெயர் வைத்திருக்க மாட்டீர்கள். நாம் வைப்போம்: குஷி காண்ட்ராக்டர். வளர்ந்த ஆள், சொந்தமாகவோ உறவு வழியிலோ சில பிள்ளைகள் உடையவர், ஒரு பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதைக் கண்டால், அடுப்பில் பால் பொங்கி வழிவதைக் கண்டவர் மாதிரி ஓடி வருகிறவர். "என்னா, போரடிக்குதா?" என்பதுதான் இவருடைய கூவல். இல்லை என்று சொல்லிப் பாருங்கள். விடுவாரா?

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஜாபிர் இந்த இனத்தில் முதல் தரம். மழைக்கு ஒதுங்கியவனைக்கூட உட்கார வைத்து, காலைப் பிடித்து, ஒரு ஜோடியை மாட்டி, "நடந்து பாருங்க, சும்மா நடந்து பாருங்க" என்று கடை நீளத்துக்கும் நடக்கவிட்டுப் பழகிய மனிதர். ஆனால் அந்தத் திறமையெல்லாம் வீட்டுக்குள் வந்ததில்லை. அதை வரவழைத்தது ஒரே ஒரு பேச்சு.

போன லீவில், அவர் மனைவி ஷமீனாவின் அண்ணன் மீரான் புவனகிரியிலிருந்து வந்து பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்த ஆறு வயது மகன் யாசர் சோறு தின்றபடி சொன்னான்:

"மீரான் மாமா ஜாலி. அத்தா கடை."

அவ்வளவுதான். மாமா ஜாலி, அத்தா கடை. அன்று ஜாபிருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலுக்கு அருகே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, மனைவியையும் ஒன்பது வயது மகள் ரூமானாவையும் யாசரையும் அழைத்துக்கொண்டு போய் இறங்கினார். சாவியைக் கொடுத்த வீட்டுக்காரர் யாகப்பன் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கடல்ல புயல் சின்னம்னு சொல்றாங்க சார். மழ விடாது போலக்குதே. வூட்டுக்குள்ளயே புள்ளைங்க என்னா பண்ணும்?"

"மழ அது பாட்டுக்குப் பெய்யட்டும். நான் இருக்கேன்ல?" என்றார் ஜாபிர்.

இதைவிடப் பயங்கரமான வானிலை அறிக்கை உண்டா?

மறுநாள் விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கூடவே ஜாபிரும் பிடித்துக்கொண்டார். பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்து, பிள்ளைகள் இரண்டு பாட்டு பாடுவதற்குள் அதை நிறுத்தி, பொது அறிவுப் போட்டி என்று கேள்வியைத் தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லி, அதன்பின் ஊமை நாடகத்தில் யானையாக நடித்து, பிள்ளைகள் "பஸ்ஸா? கிரைண்டரா?" என்று கேட்டபோது கோபித்துக்கொண்டு, கடைசியில் லூடோ அட்டையை விரித்து, விட்டுக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்ற உயர்ந்த கொள்கையோடு, வீட்டு வாசலை எட்டிவிட்ட யாசரின் காயை வெட்டி அனுப்பினார். யாசர் அழுதான்.

"கேம்ல அழக் கூடாது! சிரி! இங்க பாத்துச் சிரி!" என்று போனைத் தூக்கினார். "இன்னும் ஜாஸ்தியா! ரூமானா, நீயும்!"

படம் ஸ்டேட்டஸில் ஏறியது. 'மழையா இருந்தா என்ன? அத்தா இருக்கார்ல!' என்று அதன் கீழே எழுதினார். "கலக்குங்க மச்சான்" என்று மீரானிடமிருந்து பதில் வந்தது. ஜாபிர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"நீ ரெஸ்ட் எடு, புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்" என்று ஷமீனாவிடம் வேறு பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். அந்த ரெஸ்ட் எப்படிப்பட்டது தெரியுமா? அவள் மடித்து வைத்த போர்வைகளெல்லாம் கூடாரமாயின. அவளுடைய துப்பட்டா திரைச்சீலையானது. இட்லிப் பானை முரசானது. காயாத துணிகளை மின்விசிறிக்குக் கீழே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, பழக்கமில்லாத அடுப்பில் சமைத்துக்கொண்டு, முரசு திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு அவள் ரெஸ்ட் எடுத்தாள்.

இதற்கிடையில் பிள்ளைகளுக்கென்று ஒரு லீவு திருட்டுத்தனமாக நடந்துகொண்டிருந்தது. பின்பக்க ஜன்னலில் ஏறி நின்றால் இரண்டு வீடுகளுக்கு நடுவே துளியூண்டு கடல் தெரிந்தது.

"டீ கலர்ல இருக்குடா" என்றாள் ரூமானா.

"சக்கர போட்டிருப்பாங்களா?"

"அங்க என்னா சும்மா நிக்கிறீங்க?" என்று வந்துவிட்டார் ஜாபிர். "வாங்க, அடுத்த ஐட்டம்!"

வாசல் கேட்டுக்கு அடியில் வெள்ளத்துக்குத் தப்பி ஒரு நண்டு வராந்தாவுக்குள் வந்தது. இருவரும் குப்புறப் படுத்து, தரையில் கன்னத்தை வைத்து, அதன் கண் எப்படி மடங்குகிறது என்று மூச்சுவிடாமல் பார்த்தார்கள். ஜாபிர் விளக்குமாற்றால் அதைத் தெருவில் தள்ளினார். ஏனென்றால் புதையல் வேட்டைக்கு நேரமாகிவிட்டது.

புதையல் ஒரு மிட்டாய் டப்பா. அதை மிகவும் சாமர்த்தியமாக ஒளித்து வைத்திருந்தார். எவ்வளவு சாமர்த்தியம் என்றால், பிள்ளைகள் தேடித் தோற்று, "நீங்களே எடுத்துக் குடுங்கத்தா" என்று கேட்டபோது அவருக்கே இடம் மறந்துவிட்டது. பரணில் பார்த்தார், குளியலறையில் பார்த்தார், குடையில்லாமல் வீட்டுக்குப் பின்னால் போய்த் தேங்காய் மட்டைக் குவியலைக் கிளறினார். அப்போது தலைக்கு மேலே ஜன்னலில் பேச்சுக் குரல் கேட்டது.

"போதும்க்கா. நண்டு திரும்ப வந்துருக்கும், வா பாக்கலாம்."

"இருடா. அத்தா வந்து நாம இல்லன்னா என்னா பண்ணுவாங்க? பாவம், கடயும் இல்ல, மழயில வெளியவும் போவ முடியல. அவுங்களுக்குப் போரடிக்கும்ல?"

"காலைலேர்ந்து நான்தான அவுங்களோட வெளையாடுறேன்?"

"சரி, இப்ப நான் கொஞ்ச நேரம் வெளையாடுறேன். நீ போய் நண்டப் பாரு. அப்புறம் நீ வந்து என்ன மாத்திவுடு. ஆனா சிரிக்கணும்டா. மூஞ்ச உம்முனு வச்சிருந்தா அத்தாவுக்குக் கஷ்டமாயிடும்."

ஜாபிர் மட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். சன்ஷேடிலிருந்து தண்ணீர் நேராக உச்சந்தலையில் விழுந்துகொண்டிருந்தது. நகர வேண்டும் என்று தோன்றவில்லை. தான் இவ்வளவு நேரமும் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டியதாக நினைத்திருந்தார். பிள்ளைகளோ முறை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமையலறைப் பின்கதவில் வந்து நின்றவரை ஷமீனா மேலும் கீழும் பார்த்தாள்.

"டப்பா கெடச்சுதா?"

"என்னால புள்ளைங்களுக்குத் தொந்தரவா ஷமீனா?"

அவள் குழம்பைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. "அதுங்க கடலப் பாக்கணும்னு வந்துச்சுங்க. ஒரு தடவயாச்சும் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனீங்களா?"

"மழ பெய்யுதே. நனைஞ்சா சளி புடிக்கும்."

"நீங்க இப்ப என்னா காய்ஞ்சா நிக்கிறீங்க?"

சாயங்காலம் மழை தூறலாகத் தேய்ந்தது. ஷமீனா அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஜாபிரை யாரும் கூப்பிடவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் பின்னாலேயே போனார்.

கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. படகுகளை வெகுதூரம் மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். காவலர்கள் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நால்வரும் நின்றார்கள். அந்தப் பக்கம் கடல் செம்பழுப்பாக எழுந்து எழுந்து விழுந்தது. யாசர் வாயைத் திறந்து தூறலைக் குடித்தான். ரூமானா கண்ணை மூடிக்கொண்டு இரைச்சலை மட்டும் கேட்டாள். ஜாபிர் எதுவும் சொல்லவில்லை. ஆச்சரியம்தான், ஆனால் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாசரின் ஈரக் கை தானாக வந்து அவர் கைக்குள் நுழைந்தது.

"அத்தா, கடல் சத்தம் அடி வயித்துல கேக்குதா?"

"கேக்குதுப்பா" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் இதோடு ஊர் திரும்பி நிம்மதியாக வாழ்ந்திருப்பார்கள். ஆனால் இவர் காண்ட்ராக்டர் ஆயிற்றே! இவ்வளவு நல்ல ஒரு பொழுதை யாரும் நடத்தாமல் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. உள்ளே ஏதோ ஏறி ஏறி வந்தது. அடக்கினார். மறுபடி வந்தது.

"சரி! இப்ப ஒரு போட்டி!" என்று கையைத் தட்டினார். "யாரு ஜாஸ்தி நேரம் பேசாம கடலப் பாக்குறாங்கன்னு பாப்போம்! ஜெயிச்சா ஐஸ்கிரீம்!"

ரூமானா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கடலைப் பார்த்தாள். பிள்ளைகள் இருவரும் உதட்டை இறுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்கள்.

"ஸ்டார்ட்! ஆங், ரூமானா சூப்பரா நிக்கிறா. யாசர், அக்காவப் பாக்காத, கடலப் பாரு. அசையாத. இன்னும் யாரும் அவுட் ஆவல! அந்தப் பெரிய அலயப் பாருங்க! பேசக் கூடாது, பேசக் கூடாது!"

போட்டியில் முதல் ஆளாகத் தோற்றவர் யார் என்பது கரையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது, நடுவரைத் தவிர.

நன்றாகச் சிரித்துவிட்டீர்களா? சந்தோஷம். இப்போது ஒரு நிமிடம் காது கொடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை பக்கத்து அறையில் வெகுநேரமாகச் சத்தமே இல்லாமல் இருக்கிறது, கவனித்தீர்களா? தனியாக என்ன செய்கிறதோ, பாவம், ஏதாவது சொல்லிக்கொடுக்கலாமே என்று கால் பரபரக்கிறதா? பாதி எழுந்துவிட்டீர்களா? சரி, போங்கள், உங்களைத் தடுக்க முடியாது. ஆனால் உள்ளே போகுமுன் கதவை ஒரு தட்டுத் தட்டுங்கள். கையிலிருக்கும் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு உங்களோடு விளையாடத் தயாராவதற்கு அந்தப் பிள்ளைக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டாமா?