நூற்றுக்கு நூறு டாக்டர்

தோல்வியையே அறியாதவர்கள் என்றோர் இனம் உண்டு, வாசகரே! எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். இன்று நம்மிடம் மாட்டிக்கொண்டவர் ஓர் இதய அறுவை மருத்துவர். அவர் கத்தி வைத்து ஒருவரும் இறந்ததில்லை. மருத்துவமனை முழுக்க அவருக்கு 'நூற்றுக்கு நூறு' என்றுதான் பெயர்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு பலகை. எந்த டாக்டரிடம் போனவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று மாதாமாதம் அதில் எழுதுவார்கள். எங்கே தவறுகிறோம் என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள வைத்த பலகை. நம்மவரோ அதன் முன் நின்று மீசையை நீவிவிட்டுத்தான் தினமும் உள்ளே போவார்.

ரகசியம் என்ன? ஆள் பொறுக்குவதுதான்! சர்க்கரை இருந்தால் வேண்டாம், சிறுநீரகம் மக்கர் செய்தால் வேண்டாம், வயது கூடினால் வேண்டாம், மாடிப்படி ஏறி மூச்சு வாங்கினால் வேண்டாம், ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து இருமித் தொலைத்தார் என்பதற்காகக்கூட வேண்டாம். நல்ல இதயமாகப் பார்த்துத்தான் அறுப்பேன் என்றால் நோயாளி எங்கே போவான்?

"அடுத்த ரூம் டாக்டரம்மாகிட்ட போங்க. கைராசிக்காரங்க," என்று அனுப்பிவிடுவார்.

அந்த அம்மாள் யாரையும் திருப்பி அனுப்பமாட்டார். அதனால் பலகையில் கடைசிப் பெயர் அவருடையது. மருத்துவமனை கமிட்டித் தலைவரும் நம்மவர்தானே? மார்க் குறைந்தவர்கள் கத்தியைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டார். மற்ற டாக்டர்களும் பயந்துபோய் ஆள் பொறுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஒருநாள் பலகையின் முன் மீசையை நீவிக்கொண்டிருக்கும்போதே நூற்றுக்கு நூறுக்கு நெஞ்சு வலித்தது. சோதித்துப் பார்த்தால் இதயக் குழாய்களில் அடைப்பு. சர்க்கரை, சிறுநீரகம், வயது, மூச்சு, ஒன்றும் பாக்கியில்லை. இருமல் வேறு.

டாக்டர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டு நழுவினார்கள். "அந்த டாக்டரம்மா கைராசிக்காரங்க சார்," என்றார் ஒருவர், கூசாமல். கட்டிலில் கிடந்தவருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது, பாவம்.

"நீங்க போட்ட சட்டத்தை நீங்களே கிழிச்சுப் போடுங்க. எனக்கு நீங்க வேணும்!" என்று மனைவி பேனாவை நீட்டினார். சட்டம் ரத்து என்று நம்மவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

டாக்டரம்மா வந்தார்.

"பிழைச்சுடுவேனாம்மா?"

"தெரியாது சார். என்னால முடிஞ்சதைப் பண்றேன்."

பிழைத்தார். கண் விழித்ததும் மனைவியைத் தேடினாரா? பலகையைத் தேடினார்.

"என்னை எழுதிட்டீங்களா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டார்.

"பிழைச்சவங்கள்ல சேர்த்தாச்சு சார்."

"அப்படி மொட்டையா எழுதினா எப்படிம்மா? எவ்வளவு மோசமான கேஸுன்னும் பக்கத்துல எழுத வேண்டாமா? என்னை மாதிரி மோசமான கேஸ் இந்த ஆஸ்பத்திரிலயே கிடையாது!"

"இதைத்தான் சார் நான் வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கேன்."

அன்றுமுதல் அப்படியே எழுதுகிறார்கள். டாக்டரம்மாவின் பெயர் உச்சிக்குப் போய்விட்டது. நம்மவர் முதலிடத்தை விட்டுவிடுவாரா? மருத்துவமனையிலேயே மிக மோசமான நோயாளி தான்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மார்தட்டுகிறார், தையல் பிரியாத அளவுக்கு.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் விடை தெரிந்த கேள்விக்கு மட்டும் கை தூக்கி, ஏமாந்த ஆளோடு மட்டும் சீட்டாடி, "நான் தோத்ததே இல்லை" என்று வீட்டில் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களே, கொஞ்சம் உங்கள் நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள்.

வலித்தால், அடுத்த அறைக்குப் போங்கள்.