புள்ளிமான் புகழேந்தியின் காலை வணக்கம்

ஒரு காட்டில், டவர் ஒழுங்காகக் கிடைக்கிற பக்கமாக, மான்களும் முயல்களும் வாழ்ந்துவந்தன. ஆளுக்கொரு கைப்பேசி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழு. ஆற்றுக்கு அக்கரையில் ஓநாய் அரசு. நடுவில் ஒரு முள்வேலி. வேலி இருந்ததால்தான் ஓநாய்கள் அரசியல் பேசின; இல்லாவிட்டால் நேராகச் சாப்பிட வந்திருக்கும்.

வேலியை ஒட்டிய வளையில் செவ்வந்தி என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். வேலி போனால் முதலில் போவது தன் குட்டிகள்தான் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் புள்ளிமான் புகழேந்தி என்றொருவர் குழுவில் சேர்ந்தார். யார் சேர்த்தது என்று யாரும் கேட்கவில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூப் படத்தோடு வணக்கம் போட்டார். பிறந்தநாள் என்றால் கேக் படம், கல்யாண நாள் என்றால் இரண்டு கிளிகள். இப்படி ஒரு மாதம் போனபிறகு, ‘இந்த முள்வேலி மானினத்துக்கே அவமானம்’ என்று எழுதினார்.

மறுநாள் ஓநாய் அரசின் தொலைக்காட்சியான ‘அக்கரை முழக்கம்’, “வேலியை எதிர்த்து இக்கரை மான்கள் கொந்தளிப்பு” என்றது. புகழேந்தி அதை எடுத்துக் குழுவில் போட்டார். மேய்ந்துகொண்டிருந்த மான்கள் நிமிர்ந்து பார்த்தன.

“நாம கொந்தளிச்சோமா?”

“டிவியிலயே சொல்லிட்டாங்க. கொந்தளிச்சிருப்போம்.”

வேலியைப் பிடுங்குவதற்குக் கூட்டம் கூடியது. செவ்வந்தி கைப்பேசியும் கையுமாகத் தலைவர் கிளைக்கொம்பரிடம் ஓடினாள்.

“தலைவரே, இந்த ஆள் மானே இல்ல. இதைப் படிங்க. ‘நேற்று ஒரு புல்லைத் துரத்திப் பிடித்தேன், கழுத்துப் பகுதி அருமை’ன்னு எழுதியிருக்கார். எந்த மான் புல்லைத் துரத்தும்?”

தலைவர் நிதானமாகப் படித்தார். “நல்ல எழுத்து,” என்றார்.

“ஓநாய் எழுதுனது, தலைவரே. என் பிள்ளைங்க வேலிக்குப் பக்கத்துலயே இருக்குதுங்க.”

“ஏம்மா, போன மாசம் எனக்குப் பிறந்தநாள். அவர் கேக் அனுப்பினார். நீ ஒரு வாழ்த்து போட்டியா?”

செவ்வந்தி போடவில்லை. அன்று அவள் வேலியில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தாள்.

வேலி போனது. செவ்வந்தி குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். மத்தியானமே ஓநாய்கள் வந்து, ஏழு மான்களை முடித்துவிட்டு, உண்ட களைப்பில் அக்கரைக்குப் போய் இருபது நாள் எழாமல் படுத்தன. குழுவில் முதல் இரங்கல் புகழேந்தியிடமிருந்து வந்தது, விளக்குப் படத்தோடு. “எத்தனை வேலை இருந்தாலும் துக்கத்துக்கு முதல் ஆளா நிக்கிறார்” என்று மிச்சமிருந்த மான்கள் நெகிழ்ந்தன.

செவ்வந்திக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அழுது முடித்துவிட்டு, ‘கலைமான் காமாட்சி பெரியம்மா’ என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினாள். ஐந்து மணிக்கே வணக்கம், புகழேந்திக்கு அரைமணி முந்தி. ரோஜா அல்ல, தாமரை. இடையிடையே முதுகுவலிக்குக் கைவைத்தியம். பதினைந்தாம் நாள், ‘கண்ணுங்களா, வேலி இல்லாத இடத்தில் மேய்ந்தால் கொம்பு கொட்டிவிடுமாம். பத்து பேருக்கு அனுப்புங்கள்’ என்று எழுதினாள்.

சாயங்காலத்துக்குள் வேலி எழுந்துவிட்டது, முன்பைவிட இரண்டடி உயரமாக.

குட்டிகளோடு வளைக்குத் திரும்பிய செவ்வந்தியைத் தலைவர் வழியில் நிறுத்தினார்.

“பாத்தியா, காமாட்சி பெரியம்மா எவ்வளவு பக்குவமா எடுத்துச் சொன்னாங்க. நீயும் இருக்கியே, எப்பப் பாரு ஆதாரம் ஆதாரம்னு.”

“சரிங்க தலைவரே,” என்று சொல்லிவிட்டு, அவள் நாளைக்கான பூவைத் தேடப் போனாள்.

நீதி: உண்மை உங்கள் பக்கம் இருந்தால் மட்டும் போதாது, ஒரு பொய்க்கணக்கும் நாலு பூப்படமும் கைவசம் இருக்கட்டும்.